பதினாறாவது ஆள்

உலகம் சுற்றும் கப்பலில் ஒரு குழுவை உபசரித்து அழைத்துப் போகும் வேலை உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. வாழ்த்துகள். நான்கு மாதம், முப்பது நாற்பது துறைமுகம், மூன்று வேளைச் சாப்பாடு, நான்காவது வேளையாகத் தேநீரும் கேக்கும். சல்லிக்காசு செலவில்லை. பதினைந்து பேரைப் பிடித்துக் கொடுத்தால் பதினாறாவது படுக்கை இலவசம் என்பது இந்தத் தொழிலில் ஊறிய வழக்கம். காய்கறிக் கடையில் கறிவேப்பிலை எப்படியோ அப்படி நீங்கள்: பையில் கடைசியாகப் போடப்படும் கொசுறு. மணம் இருக்கும்வரை மரியாதை, அப்புறம் இலையோரம். ஏறும்போதே இதை மனதில் வைத்துக்கொண்டால் பிப்ரவரி வாக்கில் வருத்தப்பட வேண்டியிருக்காது.

வேலை கடினமில்லை. காலையில் உணவுக்கூட வாசலில் நின்று சிரிக்க வேண்டும். மாலையில் குழுவுக்கென்று தனியாக ஒரு காக்டெய்ல் விருந்து வைத்து அங்கே மறுபடியும் சிரிக்க வேண்டும். துறைமுகம் வந்தால் ஒரு பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேருந்துவரை நடக்க வேண்டும். எண்ணி ஏற்ற வேண்டும், எண்ணி இறக்க வேண்டும். கணக்கு தப்பக் கூடாது. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில், நேரத்துக்குத் திரும்பாத எட்டுப் பயணிகளை விட்டுவிட்டு நார்வீஜியன் டான் என்ற கப்பல் கிளம்பிப் போனது. அவர்கள் நாடு நாடாகக் கப்பலைத் துரத்திய கதையை உலகமே படித்தது. எட்டுப் பேர் கரையில் நின்றுவிட்டால் அது செய்தி. எண்ணூறு பேர் ஒன்பது மாதம் வீடு திரும்பாமல் கீழ்த்தளத்தில் கிடந்தால் அது பணி ஒப்பந்தம்.

சிரிப்பும் பலகையும் மேலுக்குத்தான். உங்களை ஏற்றிக்கொள்வதன் அசல் காரணம் வேறு. அந்தப் பதினைந்து பேரும் தாங்கள் ஏறியிருக்கும் கப்பலைப் பார்த்துவிடக் கூடாது. கடலைப் பார்க்கலாம், திமிங்கிலத்தைப் பார்க்கலாம், அஸ்தமனத்தைப் பார்த்து அலுக்க அலுக்கப் படம் எடுக்கலாம். கப்பலை மட்டும் பார்க்கக் கூடாது. அதற்கும் அவர்களுக்கும் நடுவே, கையில் மதுக்கோப்பையோடு, நீங்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

இது இன்று நேற்று வந்த ஏற்பாடல்ல. 1922 நவம்பரில் குனார்டு கம்பெனியின் லக்கோனியா கப்பலை அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் வாடகைக்கு எடுத்து நியூயார்க்கிலிருந்து உலகைச் சுற்ற அனுப்பியது. 130 நாள், 22 துறைமுகம். அன்றைக்குப் பல துறைமுகங்களில் ஏதாவதொரு வெள்ளைக்காரக் கொடிதான் பறந்தது. போனவர்கள் தங்கள் சொத்தைப் பார்வையிட்டுத் திரும்பினார்கள். கொடிகள் மாறிவிட்டன. பார்வையிடும் தோரணை அப்படியே இருக்கிறது.

உங்கள் குழுவை இப்போதே அறிமுகம் செய்துவைக்கிறேன். ஓய்வு பெற்ற பல் மருத்துவர் ஒருவர் இருப்பார். சூப்பின் சூட்டைப் பற்றி நாள்தோறும் எழுத்துமூலம் தெரிவிப்பார். இது எனக்கு ஒன்பதாவது சுற்று என்று ஆரம்பிக்காமல் வாய் திறக்காத அம்மாள் ஒருவர் இருப்பார். போன தடவை வைத்த பன்னீர்க்கட்டியை இந்தத் தடவை காணோம் என்று கண்கலங்குவார். பொது மேசையில் அடுக்கும் ஆயிரம் துண்டுப் படப்புதிரில் ஒரு துண்டைத் தன் பையில் போட்டுக்கொண்டு, கடைசித் துண்டை வைக்கும் பெருமை தனக்கே வரக் காத்திருக்கும் கனவான் ஒருவர் நிச்சயம் உண்டு. சலவை அறையில் துணி உலர்த்தும் எந்திரத்துக்காக இரண்டு பேர் கைகலப்பார்கள். வாழ்க்கையில் தன் துணியைத் தானே துவைக்காதவர்கள்தான் இந்தச் சண்டையில் முன்னணியில் நிற்பார்கள்.

கப்பலுக்குள் வருணம் உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முழுச்சுற்றுக்கும் சீட்டு வாங்கியவர் மேல். சிங்கப்பூரில் ஏறி கேப் டவுனில் இறங்கும் துண்டுப் பயணி கீழ். துண்டுப் பயணி வந்து 'எங்கள்' நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார் என்பது நடுக்கடலில் எழக்கூடிய புகார்களிலேயே மிகக் கொடியது. ராஜதந்திரத்தோடு தீர்க்க வேண்டியது. குயின் மேரி 2 கப்பலில் எந்த அறைக்குக் காசு கட்டினீர்களோ அந்த அறைதான் எந்தக் கூடத்தில் சாப்பிடலாம் என்பதைத் தீர்மானிக்கும்: அரசி கிரில், இளவரசி கிரில், மற்றவர்களுக்கு பிரிட்டானியா. சேரன்மாதேவி குருகுலத்தில் சாதி பார்த்துத் தனிப்பந்தி போட்டதற்காக ஒரு தலைமுறையே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்ட ஊரிலிருந்து பார்த்தால், எப்பேர்ப்பட்ட பைத்தியக்காரர்கள் நாம் என்று தோன்றும். அதே தனிப்பந்தியை விலை போட்டு விற்றிருந்தால் முன்பதிவு நிரம்பியிருக்கும்.

இந்தியா நெருங்கும்போது விசா பிரச்சினை வரும். மும்பையிலோ கொச்சியிலோ சென்னையிலோ ஒரு பகல் இறங்கிப் பார்க்க, தகப்பனார் பிறந்த ஊர்வரை கேட்கும் படிவத்தை நிரப்ப வேண்டுமா என்று குழு கொதிக்கும். கொதிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை, நம் அரசின் படிவங்கள் அப்படிப்பட்டவை. ஆனால் அந்தக் கொதிப்பைக் கேட்டுக்கொண்டே காப்பி ஊற்றுகிற கோவாக்காரர், அமெரிக்கத் துறைமுகத்துக்குப் போகும் கப்பலில் தட்டு ஏந்துவதற்காக சி-1/டி விசாவுக்கு விண்ணப்பித்து, தூதரகத்தில் கால்கடுக்க நின்று, கைரேகை கொடுத்து, நேர்காணலில் தேறி வந்தவர். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். "இன்னும் கொஞ்சம் பால் ஊற்றட்டுமா, மேடம்?" என்பார். மேடம் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் அழுதுகொண்டிருப்பார்.

தனியாக வரும் வயதான பெண்மணிகள் நடனமாட விரும்பினால் அதற்கும் ஆள் உண்டு. நரைத்த தலையும் மடிப்புக் கலையாத கோட்டுமாக நடனத் துணைவர்கள் என்றொரு வகுப்பைச் சில கப்பல்கள் வைத்திருக்கின்றன. எல்லாரோடும் ஆட வேண்டும், ஒருத்தரோடே ஆடக் கூடாது, காதல் கீதல் கூடவே கூடாது. அன்பை ஒழுங்காகப் பங்கிட்டுக் கொடுக்கும் ரேஷன் கடை. இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. தனிமை உண்மையான நோய், அந்தக் கிழவர்கள் உண்மையாகவே மருந்து கொடுக்கிறார்கள். கேலிக்குரியது என்னவென்றால், மேல்தளத்தில் ஒருவர் மூன்று நாள் யாரோடும் ஆடாமல் உட்கார்ந்திருந்தால் அதைக் கவனிக்க ஒரு துறையே இருக்கிறது.

வழியில் யாராவது இறந்தும் போகலாம். குழுவின் சராசரி வயதைப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. கப்பலில் சிறிய பிணவறை உண்டு. உங்கள் பொறுப்பு இரங்கல் தெரிவிப்பது, பிறகு மதியம் இரண்டு மணிக்குள் பிரிட்ஜ் ஆட்டத்துக்கு நான்காவது கையைக் கண்டுபிடிப்பது.

கடிகாரத்தையும் சமாளிக்க வேண்டும். மேற்கு நோக்கிப் போகும் சுற்றுக்குக் கிராக்கி அதிகம், ஏனென்றால் ஒவ்வொரு காலமண்டலத்திலும் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். பயணிக்கு ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம். மதுக்கூடத்தில் நிற்பவருக்கு ஒரு மணி நேரம் கூடுதல் மதுக்கூடம். தேதிக்கோட்டைத் தாண்டும்போது ஒரு நாள் காணாமல் போகும். அன்று பிறந்தநாள் வைத்திருந்தவர் உங்களிடம் நஷ்டஈடு கேட்பார். கொடுத்துவிடுங்கள்.

கப்பலை அவர்கள் பார்க்கக் கூடாது என்றேன். நீங்களாவது ஒரு தடவை பார்த்துவிடுங்கள், எதை மறைக்கிறோம் என்று தெரியாமல் நன்றாக மறைக்க முடியாது. நீர்மட்டத்தை ஒட்டி, கப்பலின் தலையிலிருந்து வால்வரை ஒரு நீண்ட நடைபாதை ஓடும். அமெரிக்கக் கப்பல்களில் அதை ஐ-95 என்பார்கள், அவர்களுடைய நெடுஞ்சாலை ஒன்றின் பெயர். பிரிட்டிஷ் கப்பல்களில் பர்மா ரோடு. மேலே கம்பளம், கீழே வழுக்காத பெயின்ட். மேலே பால்கனி, கீழே இரண்டு பேருக்கு ஒரு பொந்து, சன்னல் கிடையாது. சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை தரும் வரம்புகளில் ஒன்றின்படி ஒருவரை ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கு மேலும், வாரத்தில் 72 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. 72 என்பது உச்ச வரம்பு. ஞாயிற்றுக்கிழமை என்ற சரக்கு அந்தத் தளத்தில் ஏற்றப்படுவதில்லை.

எந்த நாட்டுச் சட்டம் இங்கே செல்லும் என்று கேட்பீர்கள். பின்பக்கத்தில் எழுதியிருக்கிற ஊரைப் பாருங்கள்: நசாவு, பனாமா, வலெட்டா, ஹாமில்டன். 2011 இறுதியில் குனார்டு தன் மூன்று அரசிக் கப்பல்களின் முதுகிலிருந்தும் சவுத்தாம்ப்டனை அழித்துவிட்டு, பெர்முடாவின் ஹாமில்டனை எழுதிக்கொண்டது. காரணம் கேட்டதற்கு, பெர்முடா சட்டப்படிதான் நடுக்கடலில் கேப்டன் கல்யாணம் செய்துவைக்க முடியும் என்றார்கள். என்ன ஒரு மங்களகரமான காரணம்! ஐரோப்பியக் கடலோடிகளுக்குப் பிறந்த நாட்டைப் பார்த்துச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்ற பிரிட்டிஷ் விதி அதே ஆண்டு ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்திருந்தது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் கல்யாண வீட்டில் அபசகுனம் பேசுகிறவர்கள். அந்த விதியும் ஒன்றும் முரட்டு விதியல்ல. ஐரோப்பியர் அல்லாதவருக்குக் குறைத்துக் கொடுக்க அது தாராளமாக இடம்விட்டிருந்தது.

அப்படிக் குறைத்துக் கொடுக்கப்பட்டவர்கள் ஒரு தடவை வாய் திறந்தார்கள். 2011ல் பி அண்ட் ஓ நிறுவனத்தின் ஆர்காடியா கப்பலில் வேலை பார்த்த சுமார் 150 இந்தியர்கள் அமெரிக்காவின் சியாட்டில் துறைமுகத்தில் இறங்கி நின்று, சம்பளம் போதவில்லை என்றார்கள். ஒன்றரை மணி நேரம். மேசையை உடைக்கவில்லை, கப்பலைக் கடத்தவில்லை. நின்றுவிட்டு மறுபடி வேலைக்குப் போனார்கள். ஒப்பந்தம் முடிந்தபின் அவர்களுக்கு மீண்டும் வேலை கிடையாது என்று தீர்ப்பாயிற்று. சூப்பின் சூட்டைப் பற்றி நான்கு மாதம் புகார் எழுதுகிறவரை அடுத்த ஆண்டுச் சலுகை விலையோடு வரவேற்பார்கள். கூலியைப் பற்றி ஒன்றரை மணி நேரம் புகார் சொன்னவருக்கு இந்தப் பிறவியில் கப்பல் இல்லை. ஒரே கப்பலில் இரண்டு புகார் மேசை இருக்க முடியாது பாருங்கள். அப்புறம் எது எங்கே போவது என்று குழப்பமாகிவிடும்.

நோய் வந்தால் கப்பல் என்ன ஆகும், நீங்களும் உங்கள் குழுவும் வீடு திரும்பிய பிறகு அது என்ன ஆகும் என்பதைக் கொரோனா காட்டியது. 2020 பிப்ரவரியில் யோகஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் கப்பலை நிறுத்திவைத்தபோது அதில் 3,711 பேர். பயணிகளை அறைக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். சரி, அறைக்குள் இருப்பவர்களுக்கு வாசலில் சாப்பாட்டுத் தட்டை வைத்தது யார்? தட்டை வைத்துவிட்டு அவர்கள் போய்ப் படுத்தது எங்கே? அதே கீழ்த்தளத்து இரட்டைப் பொந்தில். முடிவில் 712 பேருக்குத் தொற்று. நோயிலிருந்து பயணிகளைப் பிரித்துவைத்தவர்கள், நோயைப் பணியாளர்களிடமிருந்து பிரிக்க மறந்துவிட்டார்கள். மறதிக்குக் காரணம் நான் முன்பே சொன்னதுதான். பார்க்காததை மறப்பது சுலபம்.

அந்த ஆண்டு ஜனவரியில் உலகச்சுற்றுக்குக் கிளம்பிய மூன்று கப்பல்கள், எம்.எஸ்.சி. மாக்னிஃபிகா, கோஸ்டா டெலிசியோசா, பசிபிக் பிரின்சஸ், ஏப்ரல் 20 அன்று கரையை அடைந்தன. உலகம் மூடிக்கிடந்த செய்தியே எட்டாத சொர்க்கத்திலிருந்து திரும்பியவர்கள் என்று பத்திரிகைகள் பயணிகளைப் பேட்டி எடுத்தன. அதற்கு இரண்டு வாரம் முன்பு மாக்னிஃபிகா எரிபொருளுக்காகக் கொழும்புப் பக்கம் வந்திருந்தது. அதில் இருந்த ஒரே இலங்கையர் ஒரு சமையல்காரர். சொந்த ஊர்க் கரைக்கு எதிரே நின்றுகொண்டு, என்னை இங்கேயே இறக்கிவிடுங்கள் என்று வீடியோவில் நாட்டின் ஜனாதிபதியைக் கெஞ்ச வேண்டியிருந்தது அவருக்கு. கடற்படை போய் அழைத்துவந்தது. அவருடைய வீடியோ பரவியது அவருடைய அதிர்ஷ்டம். மரெல்லா டிஸ்கவரி என்ற கப்பலில் இருந்த சுமார் 145 இந்தியப் பணியாளர்கள் மும்பைக்கு எதிரே கடலில் காத்துக்கிடந்து, ஏப்ரல் 23 அன்றுதான் தாய்மண்ணில் இறங்க அனுமதி பெற்றார்கள். வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களை விமானம் விட்டு அழைத்துவந்ததைப் பின்னாளில் பாட்டாகப் பாடிய அரசுக்கு, கண்ணுக்கெதிரே கடலில் நின்ற சொந்தக் குடிமக்களை இறக்க ஒரு சுற்றறிக்கை தேவைப்பட்டது. மே மாதத்திலும் உலகக் கடல்களில் ஒரு லட்சம் பணியாளர்கள் காலிக் கப்பல்களில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எண்ணி இறக்க, பலகை பிடித்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை.

போர் வந்தாலும் உங்கள் வேலை அதேதான். 2024ல் செங்கடலில் ஹூதிகளின் தாக்குதலுக்குப் பயந்து உலகச்சுற்றுக் கப்பல்கள் பல சூயஸைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. பெட்ரா போச்சு, பிரமிடு போச்சு என்று மேல்தளத்தில் ஒப்பாரி. அதே கடலில் கேலக்ஸி லீடர் என்ற சரக்குக் கப்பலின் 25 மாலுமிகள் 2023 நவம்பரில் பிடிபட்டு, 2025 ஜனவரிவரை பிணைக்கைதிகளாக இருந்தார்கள். ட்ரூ கான்ஃபிடன்ஸ் என்ற இன்னொரு சரக்குக் கப்பலில் விழுந்த ஏவுகணை மூன்று மாலுமிகளைக் கொன்றது. இருவர் பிலிப்பினோக்கள், ஒருவர் வியட்நாமியர். உங்கள் குழுவிடம் இதைச் சொல்ல வேண்டாம், பசி கெட்டுவிடும். விட்டுப்போன துறைமுகத்துக்கு ஈடாகக் கப்பல் கடையில் செலவழிக்கக் கொஞ்சம் டாலர் வரவு வைப்பார்கள். அதை மட்டும் சொல்லுங்கள்.

சுற்றுச்சூழல் பேச்சாளர் ஒருவர் கப்பலில் வருவார். பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாயைத் தவிர்ப்போம் என்று படம் காட்டிப் பேசுவார். கைதட்டல் பலமாக இருக்கும். எந்திர அறையின் எண்ணெய்க் கழிவை ரகசியக் குழாய் வழியாகக் கடலில் விட்டதற்காகப் பிரின்சஸ் நிறுவனம் 2016ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் அபராதம் கட்டியது பற்றி யாராவது கேள்வி கேட்டால், நேரமாகிவிட்டது என்று சொல்லி மைக்கை வாங்கிவிடுங்கள். நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்த காலத்திலேயே அதன் தாய் நிறுவனமான கார்னிவல் மறுபடி மாட்டி, 2019ல் இன்னொரு 2 கோடி டாலர் கட்டியது பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் உலகம் போதாதவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள். ராயல் கரீபியன் நிறுவனம் 2023 டிசம்பரில் 274 இரவுச் சுற்று ஒன்றைத் தொடங்கியது; டிக்டாக்கில் ஊரே அதைத் தொடர்நாடகமாகப் பார்த்தது. மூன்று வருடச் சுற்று என்று ஒரு கம்பெனி விளம்பரம் செய்ய, வீட்டை விற்றும் வாடகைக்கு விட்டும் ஆட்கள் பணம் கட்டினார்கள். கிளம்ப வேண்டிய 2023 நவம்பரில்தான் தெரிந்தது, கப்பலே வாங்கப்படவில்லை என்று. என்னைக் கேட்டால், உபசரிப்பாளருக்கு இதைவிடச் சிறந்த பயணம் கிடையாது. 2024 அமெரிக்கத் தேர்தல் முடிந்த கையோடு இன்னொரு கம்பெனி, நான்கு ஆண்டு கடலிலேயே இருந்துவிடுங்கள் என்று 'ஸ்கிப் ஃபார்வர்டு' திட்டம் போட்டது. பிடிக்காத அரசு வந்தால் தெருவில் இறங்குவது பழங்காலத்து ஏழைகளின் வழி. வசதியுள்ளவர்கள் படகில் ஏறுகிறார்கள்.

கடைசி இரவுக்கு வருவோம். பல கப்பல்களில் பணியாளர் அன்பளிப்பு என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை டாலர் என்று கணக்கில் ஏறிக்கொண்டே வரும். உலகச்சுற்றில் சில நிறுவனங்கள் அதைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகின்றன. சேர்க்காத கப்பலில் உங்கள் குழு ஏறியிருந்தால், அன்று மாலை வரவேற்பு மேசைக்கு முன்னால் ஒரு வரிசை நிற்கும். வேண்டாம் என்றால் கழித்துவிடுவார்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் மனிதர்கள் கூச்சமுள்ளவர்கள். கேட்காமலே காரணம் சொல்வார்கள். "எனக்குப் பிடித்த பையனுக்கு நானே கையில் கொடுத்துவிடுகிறேன்" என்பார் பல் மருத்துவர். அந்தப் பையனுக்கு வயது நாற்பத்தொன்று, மூத்த மகள் கல்லூரியில் படிக்கிறாள். கையில் கொடுக்கப்போவது ஒரு நன்றி அட்டை. துணி வெளுப்பவரையும் பாத்திரம் கழுவுகிறவரையும் எவருக்கும் பிடித்திருக்க வழியில்லை. நூற்றிருபது நாள் அவர்கள் யார் கண்ணிலும் படாமல் காபந்து பண்ணியது நீங்கள்தானே. வரிசை நீளமாகிவிட்டால் பெரியவர்களுக்குக் கால் வலிக்கும், நாற்காலி போடச் சொல்லுங்கள். போடுவதற்கு அந்த நாற்பத்தொரு வயதுப் பையனே ஓடி வருவார்.